முதலாளியின் தலை

கோயம்புத்தூரில் சின்னதாக ஒரு பம்ப் கம்பெனி நடத்தினார் கோவிந்தராஜுலு. எந்தச் சரக்கு எங்கே, எந்த ஆர்டர் எப்போது என்பதெல்லாம் அவருக்கு மட்டுமே தெரியும். ஒவ்வொன்றுக்கும் அவரைத் தேடி ஓடியே அலுத்துப்போன ஸ்டோர்ஸ் செண்பகம், இதையெல்லாம் பதிந்துவைக்க ஒரு சாஃப்ட்வேர் வாங்கச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

ஒருநாள் அவர் எல்லோர் முன்னாலும் மடக்கினார். "கம்பெனியே என் தலைக்குள்ள இருக்குது. அப்புறம் சாஃப்ட்வேர் எதுக்கு? ஒரே ஒரு காரணம் சொல்லு, வாங்கறேன். இல்லேன்னா இந்தப் பேச்சை இத்தோட விட்டுரு."

செண்பகம் பணிவாகச் சொன்னாள்: "நாளைக்குத் திருப்பதி போறீங்க. கோயிலுக்குள்ள போனை விடமாட்டாங்க. அதனால முடியை அங்க குடுங்க, தலையை மட்டும் இங்க வெச்சுட்டுப் போயிருங்க சார்."

சிரிப்பை அடக்க எல்லோரும் இருமினார்கள். கோவிந்தராஜுலு தலையைத் தடவிக்கொண்டார்.

"சாஃப்ட்வேர்காரரை இன்னிக்கே வரச் சொல்லு அம்மிணி."