பானை பொங்கும்போது சொன்ன பெயர்

குழல்வாய்மொழியம்மாவின் மடம் கடனாநதிக் கரையில் இருந்தது. மடம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஓட்டுக் கூரை, ஒரு கிணறு, கேள்வி கேட்க வருகிறவர்கள் உட்காரச் சில பாய்கள். சீடர்களில் ஆவுடையப்பன் மட்டும் அம்மாவைவிட வயதில் மூத்தவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு வந்து சேர்ந்தவர்.

ஒரு பங்குனி மாதம் அவர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

அவருடைய அப்பா கைக்குழந்தையாக இருந்தபோதே, பெற்றவள் வீட்டை விட்டுப் போய்விட்டாள் என்றுதான் பேச்சு. அதன்பிறகு அந்த வீட்டில் அவள் பெயரை யாரும் சொல்லவில்லை. அப்பா வளர்ந்து, கிழவராகி, தன்னைப் பெற்றவளின் பெயர் தெரியாமலே கண்ணை மூடினார். அந்தப் பெயரைத் தேடித்தான் ஆவுடையப்பன் வருஷம் முழுக்கச் சொந்தக்காரர்களின் வாசலை மிதித்துக்கொண்டிருந்தார்.

"ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டேங்காங்க, அம்மா."

"போனதும் என்ன கேப்பீங்க?"

"தாத்தா பேரு, அவுக அப்பா பேரு, எப்பப் பொறந்தாங்க, எப்பச் செத்தாங்க, வீடு எங்க இருந்துச்சு. அதான்."

அம்மா சிரித்துவிட்டார். "சொத்துல பங்கு கேட்டு வந்திருக்கீங்கன்னுல்லா நெனைப்பாங்க."

அது வாஸ்தவம். பாட்டன் பெயரையும் வீடு இருந்த இடத்தையும் ஒரே மூச்சில் கேட்கிறவனுக்கு எங்கள் பக்கத்தில் காபி கிடைக்கும், பதில் கிடைக்காது. ஒரு சித்தப்பா, வக்கீலிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பியிருந்தார்.

"அப்ப எப்படித்தான் கேக்கது?"

"உத்திரத்துக்கு உங்க சாஸ்தா கோயிலுக்கு நானும் வாரேன்," என்றார் அம்மா.

பங்குனி உத்திரத்தன்று, ஊர் ஊராகப் பிரிந்து போன பங்காளிகள் எல்லாம் குலதெய்வமான சாஸ்தா முன்னால் கூடிவிடுவார்கள். வீட்டுக்கு ஒரு பொங்கல் பானை. பானை பொங்கும்போது அந்த வீட்டு முன்னோர் பெயரைக் கணவன் மனைவியாக மூத்த பங்காளி மாசானமுத்து சொல்வார். பெண்கள் குலவை போடுவார்கள். ஆவுடையப்பனின் தாத்தா சுப்பையாவுக்கு மட்டும் எப்போதும், பெற்றவள் போன பிறகு கட்டிய இரண்டாவது மனைவியின் பெயரைத்தான் சொல்வது.

மரத்தடியில் பெண்கள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்கள். அம்மா நடுவில் போய் உட்கார்ந்தார். யாரையும் எதுவும் கேட்கவில்லை. ஆவுடையப்பனைக் காட்டித் தானாகவே சொன்னார்.

"இவுக தாத்தா சுப்பையா தங்கமான மனுஷராம்லா. அதிர்ந்துகூடப் பேச மாட்டாராம்."

துருவுகிற கைகள் நின்றன.

"யாரு? எங்க பெரியப்பாவா?" என்றாள் லோகநாயகி. ஆவுடையப்பனுக்கு அத்தை முறை.

அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. குழம்பில் புளி தூக்கலாகிவிட்டதென்று சட்டியோடு தெருவில் எறிந்தாராம். சட்டி இல்லை, அம்மிக் குழவி என்று ஒருத்தி திருத்தினாள். குழவியை எறிந்தது அவருடைய அண்ணன் என்று இன்னொருத்தி சண்டைக்கு வந்தாள். எந்த அண்ணன், அவருக்கு எந்த ஊரில் பெண் எடுத்தது, அந்தக் கல்யாணத்தில் யார் சாப்பிடாமல் எழுந்து போனார்கள் என்று பேச்சு வளர்ந்தது. வருஷம் முழுக்க அலைந்தும் கிடைக்காததெல்லாம் தேங்காயோடு சேர்ந்து உதிர்ந்தது. ஆவுடையப்பன் வாய்விட்டுச் சிரித்தார்.

அப்போது அத்தை சொன்னாள். "ஒரு நா பெரியப்பா மொதப் பொண்டாட்டி மண்டைய ஒடச்சுட்டாரு. அவ பிள்ளையத் தூக்கிட்டுக் கெளம்பினா. பிள்ளையப் பிடுங்கிட்டு அவள வெளிய தள்ளினாங்க."

ஆவுடையப்பனின் சிரிப்பு நின்றுபோயிற்று. "அவுக பேரு என்ன, அத்தை?"

அத்தை சற்றுத் தள்ளி நின்ற மாசானமுத்துவை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

"ஓடிப்போனவ பேரு கோயில்ல எதுக்கு?" என்றார் மாசானமுத்து. எல்லாத் தலைகளும் குனிந்துகொண்டன.

அம்மா கையிலிருந்த தேங்காய் மூடியைக் கீழே வைத்தார். "விடுங்க. அடிக்குப் பயந்து ஓடின கோழைக்குப் பேரு இருந்தா என்ன, இல்லாட்டி என்ன."

அத்தைக்கு முகம் சிவந்துவிட்டது.

"யாரு கோழை? கடையத்துல தனியாக் குடியிருந்து, ஊருக்கெல்லாம் நெல்லவிச்சுக் குடுத்துப் பொழைச்சவ. வருஷா வருஷம் பிள்ளையக் கேட்டு அந்த வாசல்ல வந்து நிப்பா. இவனுங்க பிள்ளைய உள்ள வச்சுப் பூட்டிருவானுங்க. நான் பொறக்கும்போது எங்க அம்மைக்குக் கூட இருந்து பாத்தது அவதான். புன்னைவனத்தா அவ பேரு. நல்லாக் கேட்டுக்கோ மாசானம், புன்னைவனத்தா."

ஆவுடையப்பன் அந்தப் பெயரை மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். அப்பா இதைக் கேட்காமல் போய்விட்டாரே என்று நினைத்துக்கொண்டார்.

அவர் பானை பொங்குகிற நேரம் வந்தது. மாசானமுத்து பக்கத்தில் வந்து, வழக்கமான பெயரைத்தான் சொல்லப் போவதாகச் சொன்னார். மாற்றிச் சொன்னால் பானை வெளியே போகும், அடுத்த வருஷமும் உள்ளே வராது என்றார். ஆவுடையப்பன் அம்மாவைப் பார்த்தார். அம்மா குனிந்து விறகைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

பால் நுரைத்து மேலே வந்தது. மாசானமுத்து தொண்டையைச் செருமுவதற்குள் ஆவுடையப்பன் சாஸ்தாவைப் பார்த்து உரக்கச் சொன்னார்.

"சுப்பையா, புன்னைவனத்தாள்."

யாரும் குலவை போடவில்லை. பிறகு லோகநாயகி அத்தை மட்டும் போட்டாள். ஒற்றைக் குலவை. மற்றவர்கள் மாசானமுத்துவின் முகத்தைப் பார்த்தார்கள்.

"பானைய எடுத்துட்டு வெளிய போலே," என்றார் அவர்.

ஆவுடையப்பன் துண்டைச் சுற்றிச் சுடுபானையைத் தூக்கிக்கொண்டு மதிலுக்கு வெளியே வந்தார். அம்மா கொள்ளிக்கட்டைகளோடு பின்னால் வந்து, கல் கூட்டி அடுப்பை மூட்டினார். உள்ளே அடுத்த வீட்டுப் பானைக்குக் குலவை கேட்டது. ஆவுடையப்பன் பானையை ஏற்றி அரிசியைப் போட்டார்.

"வெளிய தள்ளிட்டாங்களே, அம்மா."

"அவளையும் இப்படித்தான் தள்ளினாங்க. அவ அடுப்பு அணையல," என்றார் அம்மா. "விறகத் தள்ளுங்க, அரிசி இன்னும் வேகல."