மொத்தத் தேனுக்கும் வரி

இந்தக் கதையில் முக்கால் பங்கு உண்மை. மீதிக் காலை வரிக்காரன் கொண்டுபோய்விட்டான்.

செவணன் மலைத்தேன் எடுக்கிறவன். அவன் பாறையில் தொங்கும்போது மேலே கயிறு பிடிப்பது மச்சான்தான். தங்கச்சி தாலிக்குப் பயந்தாவது பிடியை விடமாட்டான் அல்லவா? அதற்கு அவனுக்குப் பாதித் தேன். கயிற்றுக்கும், தேனீயை விரட்டப் புகை போடுகிற கூலிக்கும் கால் போகும். வீட்டுக்கு மிஞ்சுவது கால்.

வரி அதிகாரி அம்பலவாணர் வந்தார். அநியாயத்தைக் கேளுங்கள்.

"எடுத்த மொத்தத்தில் கால் பங்கு வரி!"

"மிஞ்சுறதே காலுதான் சாமி. அதையும் எடுத்துட்டா என் பிள்ளைங்க பாறையை நக்குறதா? செலவு போக மிச்சத்துக்கு வரி போடுங்க."

"உன் செலவு எனக்கெதுக்குடா? மொத்தம்னா மொத்தம். எதையும் கழிக்கக் கூடாது!"

செவணன் கும்பிட்டுவிட்டுப் போனான். மறுநாள் கூட்டில் கால் பங்கை, புகையே போடாமல், தேனீக்களோடு அண்டாவில் கொண்டுவந்தான். எப்படி என்று கேட்காதீர்கள், வரிக்குப் போன கால் அதுதான். வரிக் கச்சேரியில் மூடியைத் திறந்தான். அதிகாரியின் மூக்கு பூசணிக்காயானது.

"தேனீ எதுக்குடா, பாவி?"

"அதை விரட்டுறதுதான் சாமி என் செலவு. கழிக்கக் கூடாதுன்னீங்களே!"

மேசைக்கடியிலிருந்து அலறல் வந்தது. "கழிடா! எல்லாத்தையும் கழிச்சிட்டு மிச்சத்துக்கு வரி கட்டுடா!"