ஒழுகும் குழாயும் ஒரு கட்டைவிரலும்

"அந்தக் குழாய் ஒழுகுற சத்தத்துல தியானமே கூட மாட்டேங்குதும்மா."

சிகாமணி இதைச் சொல்வது மூன்றாவது நாள். முதல் இரண்டு நாளும் பதில் வரவில்லை.

சொன்னவருக்கு வயது அறுபத்து மூன்று. கேட்டுக்கொண்டிருந்த குருவுக்கு முப்பத்தொன்பது. பெயர் அங்கயற்கண்ணி. ஆசிரமத்தில் எல்லோருக்கும் அவர் அம்மா. அவருக்கோ சிகாமணி, ஐயா.

"சத்தம் தொந்தரவா ஐயா, இல்ல பயமா?"

சிகாமணி தலையைக் குனிந்துகொண்டார்.

பயம்தான்.

கரட்டு மலையின் அடிவாரத்தில் இருந்தது அந்த ஆசிரமம். கிணறு பங்குனியிலேயே வற்றிவிட்டது. மாடியில் ஒரு டேங்க். அதை நிரப்ப வெள்ளிக்கிழமை தோறும் லாரி வரும். அன்று திங்கள். எட்டுப் பேருக்கு மிச்சமிருந்தது கால் டேங்க் தண்ணீர். எட்டில் ஒருத்தியான சௌந்தரம் உள்ளே காய்ச்சலில் கிடந்தாள். அவள் நெற்றித் துணியை நனைத்து நனைத்துப் போட வேண்டியிருந்தது.

முற்றத்துக் குழாய் முதலில் சொட்டியது. பிறகு நூலாக ஒழுகியது. அடியில் வாளி வைத்தார்கள். வாளி நிறைந்ததும் குடம் வைத்தார்கள். இப்போது அண்டா, குண்டா, சாம்பார் வாளி எல்லாம் நிறைந்துவிட்டன. இனி ஒழுகுவது மண்ணுக்குத்தான்.

அந்த ஆசிரமத்தில் ஒரு வழக்கம் உண்டு. சொட்டும் குழாயைப் பார்த்துவிட்டுச் சும்மா தாண்டிப் போகக் கூடாது. போகிறவரும் வருகிறவரும் நின்று, ஓர் இறுக்கு இறுக்கிவிட்டுத்தான் நகர வேண்டும். எட்டுப் பேரும் பக்தியோடு இறுக்கினார்கள். சிகாமணி கைப்பிடியில் துண்டைச் சுற்றிக்கொண்டு இறுக்குவார். அது என்னவோ, இறுக்க இறுக்க இன்னும் கொஞ்சம் ஒழுகியது.

அம்மா எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்து, ஒரு ஸ்பேனரையும் கறுப்பு ரப்பர் வாஷர் ஒன்றையும் சிகாமணியின் முன்னால் வைத்தார்.

"என்னம்மா இது?"

"ஸ்பேனர்."

"அது தெரியுது. எதுக்கு?"

"கழட்ட."

"ஆளைக் கூப்பிடலாமே."

"கூப்பிட்டாச்சு. வியாழக்கிழமை வரேன்னு சொல்லியிருக்கார்."

"அதுவரைக்கும் தாங்காதேம்மா."

"தாங்காது."

சிகாமணி ஸ்பேனரைப் பார்த்தார். தொடவில்லை.

"நான் கழட்டி, எங்கயாவது உடைஞ்சு போச்சுன்னா?"

"தண்ணி போயிடும்."

"எல்லாமா?"

"டேங்க்ல இருக்குறது எல்லாம்."

ஆறுதலாக ஒரு வார்த்தை வரும் என்று சிகாமணி காத்திருந்தார். இப்படிப்பட்ட குருவிடம் போய் மாட்டிக்கொண்டவர்களுக்குத்தான் தெரியும், அங்கே அந்தச் சரக்கு மட்டும் கிடைக்காது.

பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருஷம் இருந்தவர் சிகாமணி. அடுத்தவர் கட்டிய வீட்டுக்கும் அடுத்தவர் வாங்கிய நிலத்துக்கும் கையெழுத்துப் போட்டவர். அந்தக் கை தன் வீட்டில் ஓர் ஆணி அடித்ததில்லை. பல்பு எரியவில்லை என்றால் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, ஸ்டூலை மட்டும் பிடித்துக்கொள்வார்.

மற்ற ஐந்து பேரும் மலைக்கோயில் அன்னதானத்துக்குக் காய் நறுக்கப் போயிருந்தார்கள். கைமாற்றிவிட ஆள் இல்லை.

"முதல்ல என்னம்மா செய்யணும்?"

"உங்களுக்கு என்ன தோணுது?"

"டேங்க் வால்வை மூடணும்."

"மூடுங்க."

மொட்டைமாடித் தரை காலைச் சுட்டது. டேங்கின் அடியில் வால்வுச் சக்கரம் துருப்பிடித்துக் கிடந்தது. அதைத் தொடுவதற்கு முன் சிகாமணி குலதெய்வத்தைக் கும்பிட்டார். அது போதாது என்று பட்டதால் மனைவி வழிக் குலதெய்வத்தையும் கும்பிட்டார்.

சக்கரம் கிரீச்சென்றது. கையோடு வந்துவிட்டது என்றே நினைத்தார். வரவில்லை. இரண்டு சுற்று சுற்றிவிட்டுப் போதும் என்று விட்டார்.

கீழே வந்து பார்த்தார். ஒழுகுவது குறைந்த மாதிரி பட்டது. மிச்சம் ஒழுகுவது பைப்பில் தங்கிய தண்ணீராக இருக்கும் என்று முடிவுகட்டிக்கொண்டார். குழாயை ஒருமுறை திறந்து பார்த்திருந்தால் விஷயம் தெரிந்திருக்கும். இறுக்கியே பழகிய மனுஷருக்குத் திறந்து பார்க்கத் தோன்றவில்லை.

ஸ்பேனரைக் குழாயின் கழுத்தில் மாட்டினார். திருகினார்.

கழுத்து அசையவில்லை. சுவருக்குள்ளிருந்து பைப்தான் முனகியது.

கையை எடுத்துவிட்டார். சுவருக்குள் பைப் முறிந்தால் வாஷர் எந்த மூலைக்கு?

அம்மா சௌந்தரத்தின் அறை வாசலில் நின்று பார்த்தார். பிறகு உள்ளே போய்விட்டார்.

சிகாமணி வெகுநேரம் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, இடது கையால் குழாயின் உடம்பை அசையாமல் பிடித்துக்கொண்டு, வலது கையால் ஸ்பேனரைத் திருப்பினார். உள்ளங்கை வியர்த்து இரண்டு தடவை வழுக்கியது. மூன்றாவது தடவை கழுத்து இளகியது.

ஒரு சுற்று. இரண்டு சுற்று. சிகாமணிக்குத் தன் மேலேயே லேசாக ஒரு மதிப்பு வர ஆரம்பித்தது.

ஐந்தாவது சுற்றில் குழாயின் தலை கையோடு கழன்று வந்தது. பின்னாலேயே தண்ணீர் வந்தது. முகத்தில் அறைந்தது, கண்ணாடியைத் தள்ளியது, சுவரெல்லாம் தெறித்தது.

"அம்மா."

என்ன செய்கிறோம் என்று தெரியாமலே இடது கட்டைவிரலைக் குழாய்க்குள் விட்டு, அடியில் இருந்த துவாரத்தை அழுத்தினார். தண்ணீர் நின்றது.

மாடிப்படியில் ஓடும் சத்தம் கேட்டது. மேலே சக்கரம் சுற்றும் சத்தம் கேட்டது. பிறகு அம்மா இறங்கி வந்தார்.

"சக்கரம் சும்மா சுத்துது ஐயா. உள்ள தேஞ்சு போச்சு. மூடாது."

"நான் மூடினேனே."

"மூடிச்சான்னு பார்த்தீங்களா?"

சிகாமணியின் வலது கையில் குழாயின் தலை. இடது கட்டைவிரல் குழாய்க்குள். மூக்கு நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது. அதைத் துடைக்கக்கூடக் கை இல்லை.

"சௌந்தரத்துக்கு இப்ப எப்படி இருக்கும்மா?"

"சூடு ஏறியிருக்கு. இன்னைக்கு நிறையத் தண்ணி வேணும்."

அம்மா வாஷரை எடுத்து, குத்துக்காலிட்டிருந்த அவர் முழங்கால் மேல் வைத்தார். எதிரே துவைக்கிற கல்லில் போய் உட்கார்ந்தார். இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டார். அப்புறம் அசையவில்லை.

"நீங்க அதை மாட்டிக் குடுத்தீங்கன்னா..."

அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார்.

சிகாமணி குழாயின் தலையை வாய்க்குக் கொண்டுபோனார். பழைய வாஷரைப் பல்லால் கடித்து இழுத்துத் துப்பினார். அது நசுங்கி, நடுவில் ஆழமாகப் பள்ளம் விழுந்து, ஓரம் கிழிந்திருந்தது.

"இது ஏன் இப்படிக் கிழிஞ்சு கெடக்கு?"

"இறுக்கினோமே."

அந்தத் துண்டு இப்போதும் அவர் தோளில்தான் கிடந்தது. சிகாமணிக்கு முகம் சூடாகியது.

புது வாஷரை முழங்காலில் வைத்து அழுத்தி ஒருவழியாக மாட்டிவிட்டார். இனி மிச்சம் ஒரே வேலை. விரலை எடுக்க வேண்டும். தலையைப் பொருத்த வேண்டும். திருக வேண்டும்.

விரலை எடுக்கவில்லை.

"எடுங்க ஐயா."

"வர மாட்டேங்குதும்மா."

"மாட்டிக்கிச்சா?"

"இல்ல. நான்தான் எடுக்க மாட்டேங்குறேன்."

"ஏன்?"

"எடுத்தா தண்ணி போயிடும்."

"எடுக்காட்டி?"

"இப்படியே இருக்கலாம்."

"எதுவரைக்கும்?"

"லாரி வர்ற வரைக்கும்."

"அது வெள்ளிக்கிழமை."

"தெரியும்."

"சாப்பாடு?"

"யாராவது ஊட்டிவிடட்டும்."

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கண் கலங்கியிருந்தது. அம்மாவும் சிரிக்கவில்லை.

"ஒம்போது வயசு எனக்கு," என்றார் சிகாமணி. "அப்பா கிணறு வெட்ட நாள் குறிச்சார். சின்னப் பையன் கைராசின்னு சொல்லி, மொதக் கொத்து என்னைக் கொத்தச் சொன்னாங்க. கொத்தினேன். அறுபது அடி போனாங்கம்மா. பாறை. ஒரு சொட்டு இல்ல. அன்னையிலேருந்து எங்க வீட்டுல நான் எதையும் தொடக் கூடாது. விதை தொடக் கூடாது, புதுச் சட்டியைத் தொடக் கூடாது. என் கல்யாணத்துக்குப் பந்தக்கால் நடும்போது என்னைத் தள்ளி நிக்கச் சொன்னாங்க. அப்பா சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தார், உன் கை பட்டா தண்ணி வராதுடான்னு."

அம்மா குனிந்து குழாயைப் பார்த்தார். அவருடைய சட்டையைப் பார்த்தார். வேட்டியைப் பார்த்தார். எல்லாம் தொப்பலாக நனைந்திருந்தது.

"இப்ப வருதே ஐயா."

சிகாமணியும் குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். விரல் மரத்துப்போய்விட்டது. அழுத்துகிறோமா இல்லையா என்பதே தெரியவில்லை. விரலின் ஓரத்தில் மெல்லிய கோடாகத் தண்ணீர் கசியத் தொடங்கியது.

"விரல் தானா விட்டுடும் போலிருக்கும்மா."

"ஆமா."

"நானே எடுத்தாலும் போகும்."

"ஆமா."

"அப்ப என்ன வித்தியாசம்?"

உள்ளேயிருந்து சௌந்தரம் முனகினாள்.

சிகாமணி விரலை எடுத்தார்.

தண்ணீர் நெஞ்சில் அடித்தது. கழன்ற தலையைக் குழாயின் மேல் வைத்துத் திருகினார். கோணலாகப் போய் நின்றது. திருகு மரை பிடிக்கவில்லை. இன்னும் பலமாக அழுத்தினார். இன்னும் கோணலாயிற்று. தண்ணீர் தரையில் ஓடி, வாசலைத் தாண்டி, செம்மண்ணுக்குள் போனது. காய்ந்த மண் குடிக்கும் சத்தம்கூட அவர் காதில் விழுந்தது.

"போகுதும்மா. எல்லாம் போகுது."

அம்மா எழுந்திருக்கவில்லை. கண்ணை மட்டும் மூடிக்கொண்டார்.

சிகாமணி குழாயின் தலையை வெளியே எடுத்தார். கொட்டுகிற தண்ணீரைக் கொட்டவிட்டார். ஒரு மூச்சு இழுத்தார். இந்தத் தடவை அழுத்தாமல், நேராக வைத்து, இரண்டு விரலால் மட்டும் திருப்பினார். தலை ஒரு மரையில் ஏறியது. அடுத்த மரையில் ஏறியது. பிறகு ஸ்பேனரால் ஒரு சுற்று, ஓர் அரைச் சுற்று. கைப்பிடியை மூடினார்.

கொட்டியது நூலாயிற்று. நூல் சொட்டாயிற்று. சொட்டு நின்றது.

அவருடைய வலது கை கைப்பிடியை விட்டு வரவில்லை. இன்னும் ஓர் இறுக்கு இறுக்கத் துடித்தது. சிகாமணி அந்தக் கையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே அதை எடுத்துவிட்டார்.

குழாய் சொட்டவில்லை.

மூன்று நாளாகக் கேட்டுக்கொண்டிருந்த சத்தம் இல்லாமல் முற்றம் வேறு இடம் மாதிரி இருந்தது. அவர் ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எவ்வளவு போயிருக்கும்மா?"

"நாலு குடம் இருக்கும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

சிகாமணி முகத்தைத் துடைத்துக்கொண்டார். எதிரே கல்லில் அம்மா அதே மாதிரி உட்கார்ந்திருந்தார். கை மடியில் இருந்தது. அந்த அமைதியைப் பார்க்கப் பார்க்க அவருக்குப் பொறாமையாகவே இருந்தது. அதற்காகத்தானே அவர் இந்த வயதில் வீட்டை விட்டு இங்கே வந்திருந்தார்.

"உங்களுக்குக் கொஞ்சம்கூடப் பயமே இல்லையாம்மா? ஆடாம அசையாம உக்காந்திருந்தீங்களே."

"எந்திரிச்சா விழுந்துடுவேன்னு உக்காந்திருந்தேன்."

சிகாமணிக்கு முதலில் விளங்கவில்லை.

அம்மா மடியிலிருந்த வலது கையைப் பிரித்தார். உள்ளே இன்னொரு வாஷர் இருந்தது. இறுகப் பிடித்த பிடியில் உள்ளங்கை முழுக்கச் சிவந்திருந்தது.

"ஸ்பேனரை இங்க குடுங்க ஐயா."

"எதுக்கும்மா?"

"என் குளியலறைக் குழாய் ஆறு மாசமா ஒழுகுது. வாளி மேல வாளி வெச்சுப் புழங்கிக்கிட்டு இருக்கேன். யாரையும் உள்ள விடுறதில்ல. கழட்ட எனக்குப் பயம்."

சிகாமணி ஸ்பேனரை நீட்டினார். அதை வாங்கிக்கொண்டு, சுவரைப் பிடித்து மெல்ல எழுந்தார் அம்மா.

"ஒண்ணும் சொல்லித் தர வேண்டாம். எதிர்ல வந்து உக்காருங்க, போதும்."