சிவப்புக் கயிறு கட்டிய மூட்டை

ஆற்றுக்கு நடுவே ஒரு மடம். அரிசி, பருப்பு எல்லாம் பரிசலில்தான் வந்தாக வேண்டும். களஞ்சியத்துக்குப் பொறுப்பு சடையப்பன். அரிசி குடோனில் காலமெல்லாம் வேலை பார்த்து, ஓய்வு பெற்றபின் சீடராக வந்தவர். குருவோ அவரைவிட வயதில் இளையவர்.

"கையிருப்புக்கு ரெண்டே விதி சாமி," என்பார் சடையப்பன். "முதல்ல வந்தது முதல்ல போகணும். ஆபத்துக்குன்னு ஒண்ணு தனியா இருக்கணும்."

அந்த ஆபத்து மூட்டைக்குச் சிவப்புக் கயிறு கட்டி மூலையில் வைத்திருந்தார். மற்ற மூட்டைகள் வந்தன, தீர்ந்தன. வருஷக்கணக்கில் இதன்மேல் மட்டும் யாரையும் கை வைக்க விட்டதில்லை. பெற்ற பிள்ளையைக்கூட அப்படிப் பார்த்துக்கொண்டிருப்பாரா என்பது சந்தேகம்தான்.

ஓர் ஐப்பசியில் ஆறு பெருகியது. பரிசல் நின்றுபோனது. கும்பிட வந்தவர்கள் குழந்தை குட்டிகளோடு மடத்திலேயே மாட்டிக்கொண்டார்கள். இருந்த அரிசி தீர்ந்தது. சமையல் பார்க்கும் பொன்னுத்தாயி களஞ்சிய வாசலில் வந்து நின்றாள்.

"உலை கொதிக்குது. அந்த மூட்டையைப் பிரிங்க."

"அது ஆபத்துக்கு வெச்சது தாயி."

"அப்ப இது என்னவாம்?"

"மழை இன்னும் விடலையே. நாளைக்கு இதைவிட மோசமாச்சுன்னா?"

பின்னால் வந்த குருவுக்குக் கோபம் வரவில்லை. ஆவலாகக் கேட்டார்.

"எனக்கு ஒரு சந்தேகம் ஐயா. அந்தப் பெரிய ஆபத்து வரும்போது, இதுதான் அதுன்னு எப்படித் தெரியும்?"

சடையப்பன் உண்மையிலேயே யோசித்துப் பார்த்தார். கூடத்தில் ஒரு குழந்தை பசியில் அழுதுகொண்டிருந்தது. கயிற்றை அவிழ்த்தார்.

உள்ளே ஒரே வண்டு. பாதி அரிசி மாவாகிக் கிடந்தது. சடையப்பனுக்கு அழுகையே வந்துவிட்டது.

குரு முறத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். புடைத்து, பொறுக்கி, கழுவியதில் கஞ்சிக்குத்தான் தேறியது. குழந்தைகளுக்கு வயிறு நிறைந்தது. பெரியவர்கள் அரை வயிற்றோடு படுத்தார்கள்.

வெள்ளம் வடிந்து பரிசல் வந்தது. புது மூட்டைகள் இறங்கின. சடையப்பன் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கி நின்றார்.

"சாமி, இனிமே ஆபத்துக்குன்னு எதுவும் வைக்க வேண்டாமா?"

"வைக்காம எப்படி? ஆறு அடுத்த வருஷமும் பெருகுமே."

"அப்ப இதை எந்த மூட்டையில கட்டட்டும்?"

"கடைசியா இறங்கினதுல."

"அடுத்த பரிசல் வந்தா?"

"அவிழ்த்து, புதுசா வந்ததுல கட்டுங்க. கயிறு இருக்கட்டும் ஐயா. அரிசியைச் சாப்பிட்டுடுவோம்."