விளக்கு எரியும் நேரம்

சிப்புக்குப் புரோகிராம் எழுதி ஏற்றும் வேலையைப் படிக்க, தூத்துக்குடி ரெஜினா டீச்சரிடம் வந்த சங்கரபாண்டியன் டீச்சரைவிட வயதில் மூத்தவர். லாரி புக்கிங் ஆபீஸை மகனிடம் விட்டுவிட்டு, மாடித் தொட்டி நிரம்பினால் கூப்பாடு போடும் கருவி ஒன்றைத் தன் கையாலேயே செய்தாக வேண்டும் என்று வந்து சேர்ந்தார். டீச்சர் அவரை அண்ணாச்சி என்பார். அவர் இவரை டீச்சர் என்பார். யார் குரு, யார் சீடர் என்பதில் இருவருக்கும் குழப்பம் இருந்ததில்லை.

பாடம் நடந்த கூடத்தில் ஒரு விளக்கு உண்டு. வாசல் கதவைத் திறந்தால் தானே எரியும், கொஞ்ச நேரத்தில் தானே அணையும். டீச்சருக்குச் சிறு வயதிலிருந்தே ஒரு கால் சரியில்லை. அவர் சுவிட்சைத் தேடி இருட்டில் தடுமாறக் கூடாது என்று கணவர் லூர்து செய்து வைத்த விளக்கு அது. லூர்து இப்போது இல்லை. அவர் எழுதிய புரோகிராம் அந்த விளக்கின் சிப்பில் மட்டும்தான் இருந்தது. அதை எழுதிய கம்ப்யூட்டர் அவருக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டது.

அன்று சாயங்காலம் விளக்கின் சார்ஜர் கருகிவிட்டது. புதிது வாங்கும்வரை ஓடட்டும் என்று டீச்சர் அதன் வயரைக் கம்ப்யூட்டரில் செருகியிருந்தார். பக்கத்திலேயே சங்கரபாண்டியனின் தொட்டிக் கருவியும் செருகியிருந்தது. திரையில் இரண்டு போர்ட்டுகள் தெரிந்தன, விளக்குக்கு ஒன்று, தொட்டிக் கருவிக்கு ஒன்று. எந்தப் போர்ட்டுக்கு அனுப்புகிறோம் என்று பார்த்து அனுப்ப வேண்டும். மனுஷர் அவசரத்தில் பார்க்காமல் அனுப்பிவிட்டார்.

வேலை முடிந்தது என்றது திரை. தொட்டிக் கருவி வாயே திறக்கவில்லை. கூடத்து விளக்குதான் விட்டு விட்டு மின்ன ஆரம்பித்தது, தண்ணீர் நிரம்பிவிட்டது என்று.

அடுப்படியிலிருந்து வந்த டீச்சர் விளக்கைப் பார்த்தபடி அப்படியே நின்றார். மழுப்பாமல் நடந்ததைச் சொல்லிவிட்டு சங்கரபாண்டியன் கேட்டார்.

“அழிஞ்சது திரும்பி வருமா டீச்சர்?”

“வராது அண்ணாச்சி. புதுசு ஏறுனா பழசு போயிரும்.”

நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். சென்னையில் பெரிய ஆட்கள் யாரையாவது பிடிக்கிறேன், என்ன செலவானாலும் பார்க்கிறேன் என்று ஏதேதோ பேசினார். டீச்சர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, முதலில் தண்ணீரைக் குடிக்கச் சொன்னார். பிறகு, அந்த விளக்கு என்ன செய்யும் என்று கேட்டார்.

கதவு திறந்தால் எரியும் என்றார் அவர். எடுத்த எடுப்பில் பளிச்சென்று எரியாது, மெல்ல மெல்லத்தான் வெளிச்சம் வரும் என்றார்.

“ஆமா. என் கண்ணு கூசக்கூடாதுன்னு.” என்றார் டீச்சர்.

அதையே எழுதச் சொன்னார். தப்பு வந்த இடத்தில் திருத்தினார். முக்கால்வாசி முடிந்தபோது சங்கரபாண்டியனின் கை நின்றது.

“எவ்வளவு நேரம் எரியணும் டீச்சர்?”

டீச்சர் எழுந்து, சுவரைப் பிடித்தபடி வாசலுக்குப் போனார். கதவைச் சாத்தித் திறந்தார். அங்கிருந்து கூடத்தின் மறுகோடியில் இருந்த தன் நாற்காலிக்கு நடந்து வந்தார். சங்கரபாண்டியனுக்குப் புரிந்துவிட்டது, நடைக்கு ஆகும் நேரத்தைக் கடிகாரத்தில் பார்த்துக்கொண்டார். டீச்சருக்கு இப்போது நல்ல காலிலும் மூட்டு வலி. பார்த்துக்கொண்டிருக்கவே சங்கரபாண்டியனுக்குச் சங்கடமாக இருந்தது. டீச்சர் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

“இந்த நேரத்தைப் போடுங்க.”

போட்டார். ஆனால் மனசு கேட்கவில்லை.

“பழைய நேரம் இது இல்லையே டீச்சர். அது சீக்கிரமே அணைஞ்சிருமே.”

“ஆமா. இப்பல்லாம் பாதிக் கூடத்துலயே அணைஞ்சிரும். மிச்ச தூரம் இருட்டுலதான் வருவேன்.”

“மாத்தியிருக்கலாமே. உங்களுக்குத் தெரியாத வேலையா?”

“அவர் போட்ட நேரம் அண்ணாச்சி. மாத்தக் கை வரலை.”

சங்கரபாண்டியன் தலை குனிந்தார். “அதைத்தான் நான் அழிச்சிட்டேன்.”

டீச்சர் விளக்கைப் பார்த்துச் சொன்னார்.

“அன்னைக்கு அவர் நீங்க இருக்க இடத்துலதான் உக்காந்திருந்தாரு. என்னைத் திரும்பத் திரும்ப நடக்கச் சொல்லி, பாத்துப் பாத்து எழுதுனாரு. இன்னைக்கு இருந்திருந்தா, இந்த நேரத்தைத்தான் போட்டிருப்பாரு. அனுப்புங்க அண்ணாச்சி.”