பதினேழே கால் காதம்

மேலைமங்கலத்து மகாராஜா வீரகேசரி ஒருநாள் புராணம் கேட்டார். அதில் வந்தது வினை.

"தேவர்கள் விமானத்தில் பறப்பார்களாம், நான் மட்டும் பல்லக்கில் குலுங்கிக்கொண்டு போவதா?" என்றார். சொன்னதோடு விட்டாரா? நாட்டின் வடகோடியில் கழுகுப்பாறை, தென்கோடியில் நரிமேடு. ஈ காக்கை எட்டிப் பார்க்காத அந்த இரண்டு இடங்களிலும் விமானம் இறங்கத் தளம் கட்டி, தோரணமும் கட்டிவிட்டார். விமானம் ஒன்றுதான் பாக்கி.

அந்தக் குறையை அரண்மனை ஜோசியர் ஆபத்சகாயம் தீர்த்துவைத்தார். மூங்கிலை வளைத்துப் பட்டுத் துணி போர்த்தி, இரண்டு பெரிய இறக்கைகளைக் கழுகுப்பாறை உச்சிக்குக் கொண்டுவந்தார்.

"மகாராஜா, முதலில் பறக்கும் பாக்கியம் நம் சாரங்கனுக்கே கிடைக்கட்டும்!"

சாரங்கன் அரசவை விகடகவி. மழை கொட்டும் என்று ஜோசியர் சொன்ன நாளாகப் பார்த்து அரண்மனை முற்றத்தில் வடகம் காயப்போடுகிறவன். ஜோசியருக்கு அந்த எரிச்சல்.

"சபாஷ்! கட்டுங்கள் இறக்கையை!" என்றார் மகாராஜா.

சாரங்கன் விளிம்பிலிருந்து எட்டிப் பார்த்தான். அடியில் பனைமரங்கள் கொத்துமல்லிக் கட்டு மாதிரி தெரிந்தன. மாட்டேன் என்றால் தலை போகும். சரி என்றால் உடம்பு முழுக்கப் போகும்.

"ஜோசியரே, நரிமேடு எவ்வளவு தூரம்?" என்று மெல்லக் கேட்டான்.

"ஆகாய மார்க்கமாகப் பதினேழே கால் காதம். பறக்கிற நேரம் மூன்றே முக்கால் நாழிகை."

"அடேயப்பா! கால் காதத்தைக்கூட விடவில்லையே! யார் அளந்தது?"

"நானேதான்!"

"தரையில் கயிறு பிடித்தா?"

"தரையா? மூச்சை அடக்கி, யோக பலத்தால் பறந்துபோய் அளந்தேன். போன அமாவாசைக்குத்தான் போய் வந்தேன்" என்று ஜோசியர் மகாராஜாவைப் பார்த்து மார்பை நிமிர்த்தினார்.

சாரங்கன் சட்டென்று கைகூப்பினான். "மகாராஜா, நான் ஆகாயத்துக்குப் புதுசு. வழி தவறிப் பகைவர் நாட்டில் இறங்கிவிட்டால் தங்களுக்கல்லவா அவமானம்? போய் வந்தவர் முன்னே பறக்கட்டும். அடியேன் அவர் பின்னாலேயே வருகிறேன்."

"நியாயமான பேச்சு!" என்றார் மகாராஜா. "இறக்கையை ஜோசியருக்குக் கட்டுங்கள்!"

இரண்டு காவலர்கள் ஜோசியரை விளிம்புக்கு நகர்த்தினார்கள். அவர் ஒரு முறைதான் கீழே பார்த்தார். அடுத்த கணம் மகாராஜாவின் காலைக் கட்டிக்கொண்டார்.

"மகாராஜா, காப்பாற்றுங்கள்! நான் பறக்கவும் இல்லை, அளக்கவும் இல்லை!"

"என்ன! அளக்கவே இல்லையா?" மகாராஜாவின் கை வாளுக்குப் போனது.

"ஐயையோ, மகாராஜா, அவசரப்படாதீர்கள்" என்று சாரங்கன் குறுக்கே புகுந்தான். "பறக்கவில்லை என்பது வாஸ்தவம். ஆனால் அளக்கவில்லை என்று மட்டும் சொல்லக்கூடாது. காலையிலிருந்து என் கண்ணெதிரேதானே அளந்துகொண்டிருக்கிறார்!"

மகாராஜா ஒரு கணம் விழித்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். விரலில் கிடந்த மோதிரத்தைக் கழற்றிச் சாரங்கனுக்குப் போட்டுவிட்டார். ஜோசியர் கையில் ஒரு முழக்கோலைக் கொடுத்து, நரிமேடு வரை அளந்துகொண்டே நடக்கச் சொன்னார்.