நீர்க்கதவில் விழுந்த துளை

மலைக்குகையின் வாசலை மறைத்துக்கொண்டு தண்ணீர் விழும். உள்ளே உட்கார்ந்து அதைப் பார்ப்பதுதான் குரு நாச்சியாரம்மாளிடம் சீடராகச் சேருகிறவர்களுக்கு முதல் பாடம். மேலே கண்ணாடித் தகடு மாதிரி இறங்கும் நீர், மெலிந்த ஓரிடத்தில் ஊசிமுனை அளவுக்குத் திறக்கும். துளை விரியும். அதன் விளிம்பு தடித்து நூல் நூலாகப் பிரியும். நூல் அறுந்து துளிகளாகும். அன்றைய முதல் துளை எந்த உயரத்தில் விழுந்தது என்று மாலையில் குருவிடம் சொல்ல வேண்டும்.

ஆவுடையப்பனுக்கு வயது அறுபத்திரண்டு. குருவுக்கு நாற்பதுகூட இருக்காது. மனைவி காந்திமதி இறந்த பிறகு வீட்டில் இருப்புக்கொள்ளாமல் வந்தவர் அவர். போயும் போயும் ஓட்டை பார்க்கவா மலையேறினோம் என்று முதல் வாரம் தன்னையே நொந்துகொண்டார்.

கோடை ஏற ஏற நீர் மெலிந்தது. முழங்கால் உயரத்தில் விழுந்த துளை இடுப்புக்கு ஏறியது. நெஞ்சளவுக்கு வந்த அன்று, அதற்கு அந்தப் பக்கம் காந்திமதி நின்றாள்.

அங்கே நிற்க இடமே கிடையாது. குகையைத் தாண்டிக் கால் வைத்தால் முந்நூறு அடிப் பள்ளம். ஆனாலும் அவள் நின்றாள், புடவை நனையாமல். ஆவுடையப்பனுக்குப் பயமாக இருந்தது. அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது. மாலையில் உயரத்தை மட்டும் சொல்லிவிட்டு அவளைப் பற்றி வாய் திறக்காமல் இருந்துவிட்டார்.

நாளுக்கு நாள் துளை பெரிதானது. அவளும் ஒவ்வொரு எட்டாக நெருங்கி வந்தாள். ஒரு காலையில் ஆள் நுழையும் அளவுக்கு நீர் திறந்துகொண்டது. அவர் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார்.

"எங்கே கிளம்பிட்டீங்க?"

பின்னால் குரு. இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? எல்லாவற்றையும் சொன்னார். போனால் திரும்ப முடியாது என்று தெரியும், அவளோடு இருந்தால் போதும் என்றார். குரு தடுக்கவில்லை. அதுதான் அவரைக் கலக்கியது.

"அம்மா, உங்களுக்கும் அவ தெரியிறாளா?"

குரு அந்தத் திறப்பை வெகுநேரம் பார்த்தார். விளிம்பில் நூல்கள் அறுந்து துளிகள் தெறித்தபடி இருந்தன.

"தெரியிறாங்க. பக்கத்துல நீங்களும் நிக்கிறீங்க."

ஆவுடையப்பனுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஒரு காலை முன்னே எடுத்து வைத்தார்.

"ரெண்டு பேரும் என்ன பேசிக்கிறோம்?"

"பேசல. அவங்க அங்கே நிக்கிற உங்களைத் திரும்பிக்கூடப் பாக்கல. இங்கே நிக்கிற உங்களைத்தான் பாத்துக்கிட்டிருக்காங்க."